கறுநீல மச்சு

ஜொகூர் பாரு
12 செப்டம்பர் 1933

அன்பு நிறைந்த உங்களுக்கு,

அன்று ரயிலடியில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வீட்டை உன் இஷ்டப்படி ஒழுங்கு பண்ணிக்க" என்றீர்கள். நான் தலையாட்டினேன். என் இஷ்டம் என்னவென்று எனக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊரில் உங்கள் வீட்டில் எனக்கென்று இருந்தது ஓர் அறை. அதற்கு ஒரு பெரிய பூட்டு. உள்ளே என் சீர் சாமான்கள் கூரைவரை அடுக்கியிருக்க, நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம். இங்கே ஒரு முழு வீட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள். மரவீடு, கால்கள் மேல் நிற்கிறது, முன்பக்கம் முழுக்கக் கடல். நான் அறை அறையாகப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

தை மாதம் மாமா, உங்கள் அப்பச்சி, வருகிறார்கள். "ஒரு வருசம் பாப்பம். அங்க குடித்தனம் சரிப்படலைன்னா நானே வந்து திருப்பிக் கூட்டியாந்துர்றேன்" என்று கப்பலடியில் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அவர்கள் வந்து பார்க்கப்போவது இந்த வீட்டைத்தான்.

நம் வட்டிக்கடைப் பொறுப்பைப் பார்க்கிற அடுத்தாளிடம் சுண்ணாம்பு அடிக்க ஆள் கேட்டேன். அவர் அனுப்பியவர் பெயர் தங்கராஜு. வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா எழுதுகிறவர். கம்பெனி சிங்கப்பூரில் கலைந்துபோனதும் இங்கேயே தங்கிவிட்டார். இப்போது போட்டோக் கடைகளுக்குத் திரை எழுதுகிறார், தவுக்கே என்று சொல்கிற சீன முதலாளிமார் வீடுகளை உள்ளே ஜோடித்தும் கொடுக்கிறார். திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிகப்பி


சிவமயம்
லாபிஸ் தபால், 24-9-33

சிகப்பிக்கு,

கடிதம் வந்தது. இங்கே மழை. மழையில் ரப்பர் மரத்தில் கித்தா வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் ஆட்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டத்தை நம் கடை எடுத்துக்கொண்டதில் எனக்கு மிஞ்சியது சேறுதான்.

சீன் எழுதுகிறவர் நமக்கு எதற்கு? சுண்ணாம்பு போதும். உள்ளே இருக்கிற நாலு அறையில் காற்று வருகிறதை அப்பச்சிக்கு ஒதுக்கவும். கிழக்கே சாமி. பூட்டுகள் துருப்பிடித்திருந்தன, புதிதாகப் போடச் சொல். அப்பச்சி வீட்டுக்குள் வந்ததும் முதலில் பூட்டைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள்.

இஷ்டம் என்று நான் சொன்னது திரைச்சீலை நிறம் மாதிரி விஷயங்களுக்கு.

உலகப்பன்


ஜொகூர் பாரு
15 அக்டோபர் 1933

அன்பு நிறைந்த உங்களுக்கு,

தங்கராஜுவை அனுப்பவில்லை. அவர் வந்து தூரிகையைத் தொடவே இல்லை. காலையில் ஒரு மூலையில், உச்சிவேளையில் ஒரு மூலையில், சாயங்காலம் வேறொரு மூலையில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். செடெனாக் தோட்டத்திலிருந்து நம் வீட்டு வேலைக்கு வந்திருக்கும் அங்கம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "என்னாங்க, வீட்டுக்குக் கண்ணு பட்டுறப்போவுது, இப்டி பாக்குறீங்க" என்றாள்.

அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆச்சி, நீங்க எங்க உக்காந்து படிக்கிறீங்க?"

சாமான் அறையில், அரிசிப் பெட்டி மேல், கதவைச் சாத்திக்கொண்டு என்று சொன்னேன்.

"அலமாக். கடலு இந்தப் பக்கமுல்ல இருக்கு. அங்க என்னா இருக்கு?"

கதவு இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. மறுநாள் வந்து உள் தடுப்புப் பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றார். "இதுல முன்னால இருந்த வெள்ளைக்காரன் நல்ல கூடத்த நாலா வெட்டிக் கோழிக்கூடு பண்ணி வச்சிருக்கான். மேடையில சுவரு ஏது ஆச்சி? ஒரு படுதாவ எறக்குனா அரமன, இன்னொன்ன எறக்குனா காடு. சனங்க நம்புறாங்கல்ல. செங்கல்ல பாத்தா நம்புறாங்க? வெளிச்சத்த பாத்து நம்புறாங்க."

இரண்டு இரவு யோசித்தேன். பிறகு சரி என்றேன். ஏன் என்று இப்போதும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

இப்போது பின்பக்கத்துச் சமையல்கட்டும் சாமான் அறையும் தவிர வீடு முழுவதும் ஒரே கூடம். சுவர் இருந்த இடங்களில் மூங்கில் உருளையில் சுற்றிய காடாத்துணிகள் தொங்குகின்றன. கயிற்றை இழுத்தால் இறங்கும். மயில் இல்லை, தாமரை இல்லை, தர்பார் இல்லை. ஒன்று சாம்பல் நிறம். ஒன்று தேத்தண்ணீரில் முக்கி எடுத்தது. ஒன்று மழைக்கு முன்னால் கடல் இருக்கும் நிறம். எனக்கு அறை வேண்டும்போது ஓர் அறை இருக்கிறது. போதும் என்றால் அது சுருண்டு மேலே போய்விடுகிறது. அங்கம்மா சொல்கிறாள், "திருடன் வந்தா ரூமு ரூமா தேட வேணாம். நல்ல வசதி."

மச்சைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சிகப்பி


சிவமயம்
லாபிஸ் தபால், 3-11-33

சிகப்பிக்கு,

மச்சைப் பற்றி நீ எழுதுவதற்கு முன்னால் அடுத்தாள் எழுதிவிட்டார். மேல் பலகை முழுவதும் கறுப்பு அடித்திருக்கிறது என்று. நான் முதலில் நம்பவில்லை. எந்த வீட்டில் மச்சுக்குக் கறுப்பு அடிப்பார்கள்? துக்கம் நடந்த வீட்டில்கூட அடிப்பதில்லை.

நாடகக்காரர் ஒருவர் பகல் முழுதும் வீட்டில் இருக்கிறார் என்று கடையில் பேச்சு. நான் பேசவில்லை. பேச்சு வந்தது என்று தெரிவிக்கிறேன்.

கடிதம் கண்டதும் வெள்ளையடிக்கவும். தடுப்புகளைத் திரும்ப நிறுத்தவும். பலகைகளை யாருக்காவது கொடுத்திருந்தால் புதிது வாங்கவும். அப்பச்சி உள்ளே வந்து ஒருமுறை மேலே பார்த்தால் போதும், வேறு எதையும் பார்க்கமாட்டார்கள். அடுத்த கப்பலில் உன்னை ஏற்றிவிடுவார்கள். பிறகு நாம் மறுபடி பார்ப்பது மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கழித்துத்தான். எனக்கு அதில் விருப்பமில்லை. இதை நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா?

உலகப்பன்


ஜொகூர் பாரு
14 நவம்பர் 1933

அன்பு நிறைந்த உங்களுக்கு,

முதலில் கடைப் பேச்சு. தங்கராஜு வரும் நேரமெல்லாம் அங்கம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். அவர் வாயை மூடுவதில்லை, அவளும் மூடுவதில்லை. எனக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் நகர்வதில்லை. கடையில் பேசுகிறவர்களுக்கு இதைத் தெரிவிக்கலாம்.

கறுப்பு என்று அடுத்தாள் எழுதியது சரியல்ல. கறுநீலம், வார்னிஷ் கலந்தது. எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. நீங்கள் எழுதியதை எல்லாம் நானும் அவரிடம் கேட்டேன். "வெள்ள மச்சு கண்ணப் புடிச்சு மேல இழுக்கும் ஆச்சி. கறுப்பு விட்டுரும். விட்டா கண்ணு தானா கடலுக்குப் போவும்" என்றார். முதல் பூச்சு மழை ஈரத்தில் காயவே இல்லை. பூச்சிகள் வந்து ஒட்டிக்கொண்டன. அங்கம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கழுவாம கவுத்து வச்ச தோசக்கல்லு" என்றாள். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி அடித்தார்.

காய்ந்த பிறகு ஒரு பிற்பகல் கூடத்தின் நடுவில் பாயைப் போட்டுப் படுத்தேன். மழை தூரத்தில் சிங்கப்பூர்க் கரைமேல் பெய்துகொண்டிருந்தது, இங்கே இன்னும் வரவில்லை. எனக்கு மேலே எதுவும் இல்லை. கூரை இருக்கிறது என்று தெரியும், ஆனால் கண் அதில் போய் முட்டவில்லை. வார்னிஷின் ஆழத்தில் ஜன்னல்களின் வெளிச்சம் நீளமாக, மங்கலாக, நீருக்குள் கிடக்கிற மாதிரி கிடந்தது. துணிகள் மூச்சு விடுவதுபோல் லேசாக உப்பி அடங்கின. சிங்கப்பூர் போகும் கடற்பாலத்தின்மேல் ரயில் போனது. அது போன சத்தம் வீட்டுக்குள் வந்து, சற்று நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. நான் தூங்கினேனா என்று தெரியவில்லை. வீடு கரையை விட்டு மெல்ல நகர்ந்ததாகவும், அதை யாரும் கவனிக்காததாகவும், நான் எங்கே போகிறது என்று கேட்காமல் படுத்திருந்ததாகவும் நினைவு. விழித்தபோது மழை இந்தப் பக்கம் வந்திருந்தது. அங்கம்மா எனக்கு எதிரே, சாயச் சுவரில்லாததால் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் சாமான் அறைக்குப் படிக்கப் போகவில்லை.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. நீங்கள் வந்து ஒரு பிற்பகல் அந்தப் பாயில் படுத்துவிட்டு வெள்ளை என்று சொன்னால் வெள்ளை. பார்க்காமல் சொன்னால் அடிக்கமாட்டேன்.

சிகப்பி


சிவமயம்
லாபிஸ் தபால், 2-12-33

சிகப்பிக்கு,

வர முடியாது. ஆறு பாதைமேல் ஓடுகிறது. இந்தக் கடிதத்தையே இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஒருவர் கொண்டு போகிறார்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நாலு பக்கம் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் நாலு பக்கம் வருமா என்று யோசித்தேன். வராது.

அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அவர் சொல்வது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடலுக்குக் கண் தானாகப் போகட்டும் என்று நான் ஒரு வீட்டைப் பார்த்து நினைத்ததே இல்லை. ஆனால் அந்தப் பாயில் படுத்துப் பார்த்தது நீ. நான் இல்லை, அடுத்தாளும் இல்லை.

வெள்ளையடிக்க வேண்டாம். அப்பச்சி கேட்டால் நான் சொல்லித்தான் செய்தது என்று சொல்லிவிடு. கோபம் என் பக்கம் வரட்டும்.

இங்கே பகலில் படுத்து மச்சைப் பார்த்தேன். ஒழுகுகிற இடங்கள் மட்டும் தெரிந்தன.

உலகப்பன்


ஜொகூர் பாரு
22 ஜனவரி 1934

அன்பு நிறைந்த உங்களுக்கு,

உங்கள் அப்பச்சி வந்துவிட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன். எனக்கு எதுவும் புரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தாள் முன்னால் வந்தார். அவர் முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த ஒழுங்கு இருந்தது. மாமா வாசற்படியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டார்கள். மேலே பார்த்தார்கள். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் சொல்லித்தான் செய்தது என்று சொல்ல அங்கம்மாவைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "படுதாவையெல்லாம் மேல சுத்து" என்றார்கள். ஒவ்வொன்றாகச் சுற்றினாள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்கள். திரும்பி வந்தார்கள்.

"இது வீடு இல்லையே" என்றார்கள்.

அடுத்தாள், "நானும் அதத்தான் அப்பவே எழுதினேன்" என்றார்.

"நீ சும்மா இருப்பா." பிறகு மூன்றாவது ஜன்னலைக் காட்டி, "அங்கம்மா, அங்க ஒரு பாயப் போடு. எம் பெட்டிய அதுக்கு முன்னால வையி" என்றார்கள். மேல்துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வெற்றிலை கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கேயே சாய்ந்து, விளக்கேற்றும்வரை தூங்கினார்கள். எழுந்ததும் வாய்க்குள் தேவாரம்.

பூட்டு எதையும் இழுத்துப் பார்க்கவில்லை. இழுக்கப் பூட்டும் இல்லை.

இன்று காலை கடையிலிருந்து இன்னும் இரண்டு பெட்டிகள் வந்து ஜன்னல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. ஆட்களும்தான். மாமா அவர்களோடு சிரித்துப் பேசுகிறார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் மறுபடி சாமான் அறையில் இருக்கிறேன்.

அவர்களுக்குக் கோபமா, சந்தோஷமா?

சிகப்பி


சிவமயம்
லாபிஸ் தபால், 29-1-34

சிகப்பிக்கு,

உன் கடிதத்தில் பாயும் பெட்டியும் வந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கணக்கு எழுதும் கிராணி எட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அது கிட்டங்கி, சிகப்பி. நீயும் அந்த மனிதரும் சேர்ந்து ஒரு கிட்டங்கியைக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

உனக்குத் தெரிய வழியில்லை. நம் ஆட்கள் கடல் தாண்டி வந்து தொழில் செய்கிற இடம் எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரு நீளக் கூடம், உள்ளே தடுப்பே கிடையாது. விளக்குப் புகையில் மச்சு கறுத்திருக்கும். ஆளுக்கு ஒரு ஜன்னல், ஒரு பாய், ஒரு பெட்டி. பகலில் அதன் பின்னால் தொழில், இரவில் அதன் பக்கத்தில் தூக்கம். அப்பச்சி பன்னிரண்டு வயதில் பர்மாவில், மௌல்மீனில் அப்படி ஒரு கூடத்துக்குள் போனவர்கள். வாழ்நாளில் பாதிக்கு மேல் அங்கே. ஊரில் அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினார்கள். அதில் ஒரு பகல் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் நானும் அப்படித்தான் இருந்தேன். இருந்தும் நீ எழுதியபோது எனக்குத் தோன்றவில்லை. நீ எழுதியது கனவு மாதிரி இருந்தது. கிட்டங்கியை நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை.

அப்பச்சிக்குச் சந்தோஷம். அதுதான் கஷ்டம். கிட்டங்கிக்குள் பெண்கள் வருவதில்லை. நாளைக்கோ மறுநாளோ அதை உணர்வார்கள். உணர்ந்ததும் கப்பலுக்குச் சொல்வார்கள்.

நான் அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. இங்கே பங்களா என்று ஒன்று இருக்கிறது. சாஆ என்கிற ஊருக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். படி ஆடுகிறது. பின்பக்கக் கூரை பாதிதான். கடல் இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் கித்தா மரம். பேச அங்கம்மாவைத் தவிர ஆள் இருக்காது. பெண்பிள்ளை இருக்கிற இடமில்லை என்று நினைத்து இதுவரை உன்னைக் கேட்கவில்லை.

வருகிறாயா? உன் இஷ்டம் என்ன என்று கேட்கிறேன். இந்தத் தடவை திரைச்சீலைக்கு இல்லை.

உலகப்பன்


ஜொகூர் பாரு
6 பிப்ரவரி 1934

அன்பு நிறைந்த உங்களுக்கு,

வருகிறேன்.

உங்கள் கடிதம் எனக்கு வருவதற்கு முந்தின நாளே மாமா கப்பலுக்குச் சொல்லிவிட்டார்கள். அங்கம்மா துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள். நேற்று அவர்களுக்கு நீங்கள் எழுதியது வந்தது. படித்துவிட்டுக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிறகு அங்கம்மாவைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்கள்.

"ஒங்க ஆச்சிகிட்டச் சொல்லு. அவளக் கப்பலேத்துனா, தோட்டத்தையும் கடையவும் நீங்களே பாத்துக்குங்கன்னு எழுதியிருக்கான் எம் மகன். வயசு இருவத்தாறு. நானும் அந்த வயசுல எங்க அப்பச்சிக்கு இப்பிடி ஒரு கடுதாசி எழுதினேன். தபால்ல போடல." வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "கப்பலுக்குச் சொன்னத வேண்டாம்னு சொல்லியாச்சு. ரெண்டு பேரும் அந்தக் காட்டுல ஒரு வீட்டக் கட்டிக்குங்க. இது எனக்கு" என்றார்கள்.

அங்கம்மா உள்ளே வந்து, "கேட்டுச்சா ஆச்சி, இல்ல நான் மறுபடி சொல்லணுமா?" என்றாள். நான் அரிசிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன்.

தங்கராஜு வந்து பார்த்துவிட்டுப் போனார். கூடம் நிறைய ஆண்கள், பெட்டிகள், சுருட்டி ஓரம் கட்டிய துணிகள். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். "படுதாவ எழுதுறதோட நம்ம வேல முடிஞ்சிது ஆச்சி. எந்த ராஜா வந்து முன்னால நிப்பான்னு நமக்கென்னா தெரியும்" என்றார். ஆனால் வாசலில் இறங்கும்போது திரும்பி ஒருமுறை மேலே பார்த்தார். நானும் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டேன். சாயங்கால வெளிச்சம். அந்த ஆண்களில் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். மாமா மட்டும் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானும் அங்கம்மாவும் வருகிறோம். படி ஆடினால் ஆடட்டும். நாங்கள் வருவதற்கு முன் எதையும் சரி செய்து வைக்க வேண்டாம்.

சிகப்பி


சாஆ அருகே, தோட்டம்
9 ஆகஸ்ட் 1936

அன்பு நிறைந்த உங்களுக்கு,

கடை வேலை முடிந்ததும் உடனே திரும்புங்கள். இங்கே பின்பக்கக் கூரைக்கு ஓலை வந்துவிட்டது.

நம் பழைய வீட்டுக் கிட்டங்கியில் இப்போது இருக்கிற ஆட்கள் மச்சுக்கு வெள்ளையடிக்கக் கேட்டார்களென்றும், மாமா கூடாது என்றுவிட்டார்களென்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத்தான் இப்போது நன்றாகத் தெரியும். நானும் உங்களோடு போன மாதம் ஜொகூர் வந்தேன். மாமா வாசலுக்கு வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டு உள்ளே போனார்கள். கிட்டங்கி அல்லவா, நீங்கள் உள்ளே போய் வரும்வரை நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சிகப்பி